மணம் தொடர்பான பூர்வாங்க விசாரணை

ஒரு வைத்தியசாலையில் மணம் இருப்பது குற்றமல்ல. எங்கள் ஐந்தாம் வாட்டில் டெட்டோல் மணம் இருக்கிறது. புண் கட்டும் மருந்தின் மணம் இருக்கிறது. மத்தியானம் பார்வையாளர் நேரம் தொடங்கினால் நோயாளிகளுக்குத் தடைசெய்யப்பட்ட சகல கறிகளும் மணக்கும். காற்றுத் திரும்பினால் கடற்கரையிலிருந்து கருவாடும் வரும். இவை யாவும் அங்கீகரிக்கப்பட்ட மணங்கள். இவற்றைப் பற்றி எவரும் எவருக்கும் கடிதம் எழுதியது கிடையாது.

நான் எழுதியது அங்கீகாரம் பெறாத ஒன்றைப் பற்றி.

கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை என்பதற்கு மேல் இடத்தைச் சொல்லமாட்டேன். அங்கே தாதிய உத்தியோகத்தராகச் சேர்ந்து எனக்கு அப்போது ஏழு மாதம். நியமனம் நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்பதால், எதையும் கையெழுத்திடுமுன் மூன்று தரம் வாசிப்பேன். ஆகவே கீழே வருவதில் நான் கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் கண்டது இது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பஸால் காக்கா ஒன்பதாம் கட்டிலுக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அவர் எங்கள் வாட்டின் மூத்த தாதிய உத்தியோகத்தர், இருபத்தொரு வருட சேவை. வேறு எவரும் கண்டுபிடிக்காத நரம்பைக் குழந்தைகளின் கையில் முதல் குத்திலேயே பிடிப்பார் என்று பெயர் எடுத்தவர். ஒன்பதாம் கட்டிலில் ஜவுபர் மாமா என்ற வேளாண்மைக்காரர். சீனி வருத்தம் அவருடைய இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டு, மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பத்து அலகு என்று அட்டையில் இருந்தது. பஸால் காக்காவின் கையிலிருந்த ஊசியில் நாற்பது நின்றது.

"காக்கா, தாங்க, நான் போடுறன்" என்றேன்.

மறுபேச்சில்லாமல் தந்தார். தரும்போது விரல்கள் ஆடின. "அளவப் பாத்துப் போடு தங்கச்சி" என்று அவர் சொன்னபோதுதான் மணம் வந்தது.

நான் முப்பதைக் கொட்டிவிட்டுப் பத்தைப் போட்டேன். ஜவுபர் மாமா கண்ணைத் திறக்காமலே கதைத்தார்.

"மகள், இனி எனக்கு நீயே ஊசியப் போடு. அந்தத் தம்பிட கை வக்கடைத் தண்ணி மாதிரி ஓடுது."

வயல் வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வாய்க்கு எங்கள் பக்கம் வக்கடை என்று பெயர். அது ஓடத் தொடங்கினால் கையால் பொத்தி நிறுத்த ஏலாது. நாற்பது அலகு உள்ளே போயிருந்தால் ஜவுபர் மாமா அன்று காலைச் சாப்பாட்டுக்கு எழும்பியிருக்கமாட்டார்.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கண்டும் காணாதது போல இருக்கக் கூடாது. ஊருக்குச் சொல்லித் திரியக் கூடாது. ஏசவும் கூடாது. கண்டதைத் திகதி, நேரத்தோடு எழுதி மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அந்த ஆளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு வழிசெய்யும்வரை மருந்துத் தட்டில் கை வைக்க விடக் கூடாது, ஏனென்றால் அந்தப் பழக்கமும் ஒரு வருத்தம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்தது. அந்தப் பாடத்தை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவரல்லர் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் வாட் சிஸ்டர் பாத்தும்மாவிடம் போனேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த, நல்ல மனுசி.

"சிஸ்டர், பஸால் காக்காவில மணம் வருது."

"என்ன மணம்?"

சொன்னேன். சிஸ்டர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! ஒனக்கு எப்பிடிப் புள்ள அது அந்த மணம் எண்டு தெரியும்?"

"நாலு மாசமா வாட்டில எல்லாருக்கும் தெரியும் போல இரிக்கி சிஸ்டர். அவர் வந்தா எல்லாரும் முகத்தத் திருப்புறாங்க."

"முகத்தத் திருப்புற வேற, மணம் தெரியிற வேற" என்றார் சிஸ்டர். "நானும் திருப்புறதான். எனக்கு ஒண்டும் தெரியா."

அடுத்தது நிர்வாக உத்தியோகத்தர் றிஸ்வான் சேர். வைத்திய அத்தியட்சகர் தலைமைத்துவப் பயிற்சிக்காகக் கொழும்பில் நின்றதால் தலைமை முழுவதும் இவர் கையில் இருந்தது. அவருடைய அறையில் பச்சைத் துணியில் அடித்த பதாகை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. 'போதையற்ற முன்மாதிரி வைத்தியசாலை.' அந்தச் சான்றிதழ் பதினைந்தாம் திகதி கிடைக்க இருந்தது. பச்சை ரீசேட்டுகள் வந்துவிட்டன. முகத்தை நுழைத்துச் செல்பி எடுக்கும் சட்டகம் வந்துவிட்டது. கேக்குக்கும் சொல்லியாயிற்று.

"இது ஸ்பிரிட் மணமா இரிக்கும் மிஸ்" என்றார் றிஸ்வான் சேர்.

"ஸ்பிரிட் கையில மணக்கும் சேர். கதைக்கக்குள்ள மணக்கா."

அவர் மடித்த பதாகையைப் பார்த்தார். "நீங்க சந்தேகப்படுறதில பிழ இல்ல. ஆனா அந்தச் சந்தேகத்தப் பதினாறாம் திகதிக்கு வெச்சிக்கலாமே?"

"இன்சுலின் ஒவ்வொரு நாளும் போடுற சேர்."

"அப்ப ஆள பொத்துவிலுக்கு மாத்துவம். உல்லாசப் பயணிகள் வந்து போற இடம். மணம் வந்தாலும் அது ஆர்ர மணமெண்டு ஆருக்கும் தெரியா."

"அங்கயும் இன்சுலின் போடுறாங்க சேர்."

எதற்கும் எழுத்தில் தரும்படி சொன்னார். எழுத்தில் தருமளவுக்கு எவருக்கும் துணிவிருக்காது என்பது அவருடைய அனுபவம். நான் மூன்று தரம் வாசித்துவிட்டுக் கொடுத்தேன். திகதி, நேரம், ஊசியில் நின்ற இலக்கம், விரல் ஆடியது, மணம் வந்தது. குடித்திருந்தார் என்று எழுதவில்லை. அதை நான் காணவில்லை.

எழுத்தில் வந்துவிட்டால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதக் குழு வேண்டும். ஆகவே 'மணம் தொடர்பான பூர்வாங்க விசாரணைக் குழு' ஐந்து பேரோடு, றிஸ்வான் சேரைத் தலைவராகக் கொண்டு அமைக்கப்பட்டது. முதலாவது அமர்வு பிளேன்டீயோடும் மீன் ரோல்ஸோடும் நடந்தது. அந்த மணத்தின் பெயரை அரச ஆவணத்தில் எழுதுவது சமூகத்துக்கு இழுக்கு என்பதால், இனி அதை 'மேற்படி மணம்' என்றே குறிப்பிடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. மேற்படி என்றால் மேலே சொல்லப்பட்டது. மேலே எங்கும் சொல்லப்படவில்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது அமர்வில், குழுவினர் ஐவரும் தாம் மேற்படி மணத்தை வாழ்நாளில் அறிந்ததே இல்லை என எழுத்தில் உறுதியளித்தனர். அதன் பின்னர், மேற்படி மணம் பஸால் காக்காவில் இருந்ததா இல்லையா என்பதை ஆராயத் தொடங்கினர்.

மூன்றாவது அமர்வுக்கு என்னை அழைத்தார்கள்.

"அது மேற்படி மணந்தான் எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "படிக்கக்குள்ள விபத்துப் பிரிவில மூணு மாசம் பயிற்சி எடுத்தன். அங்க வாற ஆக்கள்ல பாதிப்பேர் அந்த மணத்தோடதான் வருவாங்க."

எழுதுவினைஞர் தலை நிமிராமல் எழுதினார். கூட்டறிக்கை எனக்கும் ஒரு பிரதி வந்தது: 'முறைப்பாட்டாளர் மேற்படி மணத்தில் மூன்று மாத காலம் பயிற்சி பெற்றவர் என்பதை ஒப்புக்கொண்டார்.'

அன்று மாலையே உம்மாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து அழைப்பு. எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமி.

"சும்மாதான் கேக்கன்கா. ஒங்கட மகள் கம்பஸ்ல என்னத்தக் கா படிச்சவ?"

அந்தப் பேச்சு அதோடு நின்றது. உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "நீ எழுதினது உண்மதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சோத்தத் தின்னு" என்றார்.

இதற்கிடையில் காலையில் ஊசி போடும் வேலை நிற்கவில்லை. பஸால் காக்காவுக்குக் கடமையுள்ள நாட்களில் என் முறை இல்லாவிட்டாலும் நான் ஆறு மணிக்கே வந்து தட்டை எடுத்துவிடுவேன். அவரும் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. ஜவுபர் மாமா மட்டும், "இண்டைக்கும் நீதானே மகள்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்.

குழுவுக்கு இப்போது ஒரு சிக்கல். மணத்தை முடிவுசெய்ய அதை அறிந்த ஒருவர் வேண்டும். என்னை எடுக்க முடியாது, நான் முறைப்பாட்டாளர். நான்காவது அமர்வில் எவருடைய மூளையிலோ வெளிச்சம் விழுந்தது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வரும் சிற்றூழியர் கனகரெத்தினத்தை அழைத்தார்கள். நான் வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"கனகரெத்தினம், ஒங்களுக்கு மேற்படி மணம் தெரிஞ்சிரிக்குமே?"

"ஏன் சேர் என்னக் கேக்கிறீங்க?"

"இல்ல... நீங்க அந்தப் பக்கத்து ஆள்..."

"சேர், நான் வருசா வருசம் அம்மனுக்குத் தீமிதிக்கிறவன். என்ட கையில ஒரு நாளும் போத்தல் பட்டதில்ல." பிறகு குரல் இறங்கியது. "ஆனா மணம் தெரியும். அப்பா குடிச்சித்தான் செத்தவர்."

"பஸால் சேர்ல அது வருதா?"

"வருது சேர். பாவம் அந்த மனுசன்."

பிறகு றிஸ்வான் சேர் அரச சேவை விதிகளடங்கிய தாபனக் கோவையை எடுத்து மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு சிற்றூழியர், தன்னிலும் உயர்ந்த தரத்து உத்தியோகத்தரின் மணம் பற்றிச் சாட்சியம் அளிக்க முடியாது என்றார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பிறகு நான் தேடிப் பார்த்தேன். காணவில்லை. அவர் புத்தகத்தைப் புரட்டிய சத்தமும் கேட்கவில்லை.

ஐந்தாவது அமர்வில்தான் பஸால் காக்காவை அழைத்தார்கள். என்னையும் மூலையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். அவரிடம் என்ன கேட்பது என்று குழு இரண்டு மணித்தியாலம் விவாதித்திருந்தது. "குடிக்கிறீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஆகவே எல்லாரிடமும் கேட்ட கேள்வியையே கேட்டார்கள்.

"ஒங்களுக்கு மேற்படி மணம் தெரியுமா?"

"ஓம் சேர்" என்றார் பஸால் காக்கா. "நல்லாத் தெரியும்."

குழுவினரின் முகத்தில் அன்றுதான் சந்தோசத்தைக் கண்டேன். மூத்த உத்தியோகத்தர். உயர்ந்த தரம். இருபத்தொரு வருட சேவை. மணமும் தெரியும், தெரியும் என்று சொல்லவும் தெரியும். அதே அமர்வில், ஏகமனதாக, பஸால் காக்கா குழுவின் தொழில்நுட்ப ஆலோசகராக நியமிக்கப்பட்டார்.

"சேர், விசாரணையே அவரப் பத்தித்தானே..." என்றேன்.

"மிஸ், நீங்க முறைப்பாட்டாளர். ஒங்களுக்குக் கேள்வி கேக்கிற அதிகாரம் இல்ல."

இதில் ஒரு நன்மையும் இருந்தது. சான்றிதழ் விண்ணப்பத்தின் பதினான்காம் நிரலில், 'சகல பணியாளர்களும் தகுதிவாய்ந்த ஒருவரால் பரிசோதிக்கப்பட்டனரா?' என்று ஒரு கேள்வி வெறுமையாகக் கிடந்தது. ஊதிப் பார்க்கும் கருவி இல்லை. இப்போது தகுதிவாய்ந்த ஒருவர் கிடைத்துவிட்டார். ஆயத்த வேலைகளுக்காக அவரை வாட்டிலிருந்து விடுவித்தார்கள். விசாரணைக் குழு தன் ஆயுளில் செய்த ஒரே பிரயோசனமான காரியம் அதுதான். அவர்களுக்கே தெரியாமல் அவரை ஊசியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பதினைந்தாம் திகதி விடிந்தது. பதாகை ஏறியது. பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்; வந்தவர்கள் பச்சை ரீசேட்டில் மண்டபத்தில் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பஸால் காக்கா. ஒவ்வொருவராக வந்து குனிந்து, "ஹா" என்று ஊத வேண்டும். அவர் "மணமில்ல" என்பார். நான் பெயருக்கு நேரே எழுதுவேன். அவர் கையெழுத்திடுவார். அவருடைய கையெழுத்து இதயத் துடிப்பு எழுதும் இயந்திரத்தின் தாள் போல மேலும் கீழும் போய் வந்தது.

அன்று காலை கன்டீனில் கராம்பு தீர்ந்துபோனது. ஏலக்காயும் இல்லை. பக்கத்துக் கடையில் புதினா டொபி ஒரு போத்தல் முழுக்க விற்றுப்போனதாகக் கேள்வி. ஒரு மேற்பார்வையாளர் தடிமன், தும்மல் என்று முகக்கவசத்தோடு வந்து, அதற்குள்ளேயே ஊதிவிட்டுப் போனார். ஏழு பேர் அவசர விடுமுறை போட்டார்கள். ஏழு பேருக்கும் அன்றைக்கே உறவினர் மவுத்தாகி அடக்கம். அந்த ஏழு பேரும் மணமற்றவர்கள் என்று முதல் நாளே கையெழுத்தாகியிருந்தது.

றிஸ்வான் சேர் வந்து "ஹா" என்றார். பஸால் காக்கா இரண்டு தரம் தும்மினார்.

"கராம்பு" என்றார்.

"எழுதவா காக்கா?"

"கராம்புக்கு நிரல் இல்ல தங்கச்சி. மணமில்ல எண்டு எழுது."

இருநூற்றுப் பதினொன்று முடிந்தது. பிரதம அதிதியின் வாகனம் பாண்டிருப்புச் சந்தியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. றிஸ்வான் சேர் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு பெயருக்கு நேரே வெறுமை.

"பஸால்ட ஒண்டு மிச்சம்! இவர ஆரு பாக்கிற?"

எழுதுவினைஞர் கூட்டறிக்கைகளைப் புரட்டினார். மேற்படி மணத்தை அறிந்தவர்கள் என்று ஆவணத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தரம் போதாதவர். ஒருவர் பஸால் காக்காவே. மற்றவர், மூன்று மாத காலம் பயிற்சி பெற்றவர்.

"மிஸ், கெதியா ஒரு கையெழுத்தப் போடுங்க. அதிதி வாறாரு."

பேனா என் கையில் இருந்தது. அந்தச் சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லுபடியாகும். நான் 'மணமில்லை' என்று எழுதினால் நாளைக் காலை ஆறு மணிக்குப் பஸால் காக்கா சான்றிதழோடு மருந்துத் தட்டுக்குத் திரும்புவார். அதன் பிறகு அவரைப் பற்றி எவரும் எதுவும் எழுத முடியாது. எழுதினால் அரச ஆவணத்தைப் பொய்யாக்கியவர் ஆவார். மற்றதை எழுதினால் பதாகையைக் கழற்ற வேண்டும். என் நியமனத்துக்கு இன்னும் இரண்டு வருடமும் நாலரை மாதமும் இருந்தன.

பஸால் காக்கா எனக்கு முன்னால் வந்து இருந்தார். "ஹா" என்றார். முகத்தைத் திருப்பவில்லை நான்.

"எழுது தங்கச்சி" என்றார் மெதுவாக. "நாலு மாசம். ஸலாத்தச் சுருக்கினாங்க. முகத்தத் திருப்பினாங்க. மணம் தெரியுமா எண்டு குழு வெச்சிக் கேட்டாங்க, தெரியும் எண்டு உண்மையச் சொன்னன். ஒரு ஆளாவது, பஸால் நீ குடிக்கிறயா எண்டு கேட்டாங்களா?"

"நானும் கேக்கல்ல காக்கா."

"நீயும் கேக்கல்ல. ஆனா தட்ட எடுத்த."

"காக்கா, நீங்க குடிக்கிறீங்களா?"

"ஓம். என்னத்துக்கு எண்டு கேக்காத, அது நீளம். நிப்பாட்ட ஏலாம இரிக்கி. எங்க போய் நிப்பாட்டுற எண்டு தெரிஞ்சா போவன்."

விசாரணைக் குழு பத்தொன்பது நாட்கள் எடுத்திருந்தது. இது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

நான் 'மணம் உண்டு. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அவர் சம்மதிக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று மூன்று தரம் வாசிக்கவில்லை. றிஸ்வான் சேர் தாளைப் பறிக்க வந்தார். அதற்குள் கனகரெத்தினம் கேக்கைத் தூக்கிக்கொண்டு நடுவே வந்துவிட்டார். வேண்டுமென்று வந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

பிரதம அதிதி வந்தார். தாளை வாங்கினார். நிரல்களில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து கடைசிப் பெயரில் நின்றார்.

"ஒருவர் கண்டறியப்பட்டிருக்கிறாரா?"

"அது சேர்... அது ஒரு..." என்று றிஸ்வான் சேர் தொடங்கினார்.

"அருமை!" என்றார் அதிதி. "எல்லா நிறுவனமும் பூச்சியம் பூச்சியம் எண்டுதான் அனுப்புது. ஒருவரையும் கண்டுபிடிக்கல்லயா எண்டு மேல கேள்வி கேக்கிறாங்க. முதல் முதலா ஒண்டு வந்திரிக்கி!"

அன்று எங்களுக்குச் சான்றிதழோடு, 'கண்டறிதல் வினைத்திறனுக்கான' விசேட கேடயமும் கிடைத்தது. றிஸ்வான் சேர் அதைப் பெற்றுக்கொண்டு, இந்த வெற்றி தனிமனித வெற்றியல்ல, குழுவின் வெற்றி என்று உரையாற்றினார். கேடயத்தோடு செல்பி சட்டகத்துக்குள் நின்று படமும் எடுத்தார். ஆறு மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த வருடம் நிறுவனம் ஒன்றுக்குக் குறைந்தது இருவரைக் கண்டறிவது இலக்கு. இப்போது எல்லா அலுவலகமும் ஆள் தேடுகின்றன.

பஸால் காக்கா சிகிச்சைக்குப் போய் ஐந்து மாதத்தில் திரும்பினார். இரண்டு மாதம் பதிவேடு எழுதினார். பிறகு ஒரு நாள், எவருக்கும் நரம்பு பிடிபடாத ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குத்திலேயே பிடித்தார். ஜவுபர் மாமா மூன்றாவது விரலோடு வீட்டுக்குப் போய்விட்டார். கிளினிக்குக்கு வரும்போது, "தம்பி, வக்கடையக் கட்டிட்டாய் போல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மேற்படி மணத்தை அறிந்தவர் என்பதை ஆவணபூர்வமாக ஒப்புக்கொண்ட, சேவையிலுள்ள ஒரே பட்டதாரி என்ற வகையில், அடுத்த வருடப் பரிசோதனையை நானே நடத்த வேண்டும். அன்றிலிருந்து நான் நடைபாதையில் வந்தால் சிலர் எதிர்ப்பக்கம் திரும்பிக் கராம்பு மெல்லுகிறார்கள். உம்மாவுக்கு வந்த அடுத்த சம்பந்தமும் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் வேண்டாம் என்றாராம்.

இதை நான் பத்திரிகைக்கு அனுப்புமுன் மூன்று தரம் வாசித்தேன். ஒரு குறை கண்ணில் பட்டது. அந்த மணம் எப்படி இருந்தது என்று தொடக்கத்திலிருந்து ஓரிடத்திலும் நான் எழுதவில்லை. சேர்க்கலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். இவ்வளவு தூரம் வாசித்தும் நீங்கள் அதைக் கேட்கவில்லையே.